கம்பு வளைகிற நேரம்

சிவப்புக் கொடியைத் தூக்கிய மனிதர் அதைக் கொஞ்சம் சீக்கிரம் இறக்கியிருக்கலாம் என்று இசக்கிராஜாவுக்குத் தோன்றியது. ஒரு கையில் கொடியைப் பிடித்தபடியே மற்ற கையால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்தார், முடியவில்லை, பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மறுபடி திருகினார், அதுவரைக்கும் கொடி மாசி மாத வெயிலில் அசையாமல் நின்றது, தூரத்தில் வரும் ரயிலை அவர்தான் நிறுத்தி வைத்திருப்பதுபோல. தெரிந்துவிட்டது சார். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேலரியில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிற மனைவிக்கும் தெரிந்துவிட்டது, இறக்குங்கள். ஓடி வந்தான், கம்பைப் பெட்டிக்குள் ஊன்றினான், கால் தரையை விட்டுப் போகவில்லை, நின்றுவிட்டான். அவ்வளவுதானே. முதல் வாய்ப்பிலும் இதே கதைதான், ஆனால் அப்போது எதிர்க்காற்று என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. இப்போது காற்றே இல்லை, ஓடுபாதை ஓரத்துக் குச்சியில் கட்டிய துணி களைத்த நாய் நாக்கு மாதிரித் தொங்குகிறது. இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் நின்றுவிட்டால் கம்பூன்றித் தாண்டுகிற போல்வால்ட்டுக்குப் பூஜ்ஜியம், பத்துப் போட்டி சேர்ந்த டெக்கத்லானில் ஒரு பூஜ்ஜியம் விழுந்தால் மற்ற ஒன்பது போட்டியிலும் பிழிந்து கொடுத்த வேர்வைக்கு அர்த்தமில்லை. நேற்றுக் காலையிலிருந்து ஏழு போட்டி முடிந்திருக்கிறது, ஏழின் புள்ளிகளையும் கூட்டினால் அவன் இரண்டாவது. மாநில அணிக்கு இரண்டு பேர்தான் எடுப்பார்கள். முதலில் நிற்கிற சென்னைக்காரனை யாரும் தொட முடியாது, அவன் வேறு ரகம். மூன்றாவதாக நிற்கிறவன் டார்வின். டார்வினை இப்போது நினைக்க வேண்டாம். கொடி இறங்கியது. பாட்டிலும் ஒருவழியாகத் திறந்துகொண்டது.

கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பந்தல் நிழலுக்கு வந்தான். இதே உயரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு மூன்றாவது வாய்ப்பு பாக்கி இருந்தது, ஒரு சேலத்துக்காரன், ஒரு தஞ்சாவூர்க்காரன். அவர்கள் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அதற்கப்புறம் இவன். கம்பைக் கீழே கிடத்தி, உட்கார்ந்து, இடது காலின் ஸ்பைக்ஸ் ஷூவைத் தளர்த்தினான், கை தானாகக் குதிகாலுக்குப் போனது. வலி இல்லை. வலி இல்லை என்பதுதான் தொந்தரவு. வலித்தால் வலியைச் சொல்லலாம், டாக்டரைச் சொல்லலாம். போன ஆடியில் உடைந்த எலும்பு கார்த்திகையில் கூடிவிட்டது, எக்ஸ்ரே படத்தைச் சுவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பழைய எலும்பைவிட இது கெட்டி என்று டாக்டரே சொன்னார். எலும்புக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் இதே மாதிரிக் காற்றில்லாத மத்தியானம்தான், ஓடின ஓட்டத்தில் வேகம் போதவில்லை, அது ஓடும்போதே தெரியும், ஆனாலும் காலைத் தூக்கிவிட்டான், கம்பு பாதி நிமிர்ந்து அப்படியே நின்றது, யோசித்தது, ஆமாம் அது யோசித்ததை அவன் பார்த்தான், பிறகு வந்த வழிக்கே அவனைத் திருப்பி அனுப்பியது. வானம். ஒரு காகம். பெட்டியின் இரும்பு விளிம்பில் குதிகால் பட்ட சத்தம் வெளியிலிருந்து வந்ததா உள்ளேயிருந்து வந்ததா என்று இன்றைக்குவரை அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மனைவி செண்பகவல்லி வந்தது. அதை நினைக்கும்போது மட்டும் அந்த மத்தியானத்துக்கு ஒரு சிரிப்பு முளைத்துவிடும், என்ன செய்ய. கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் இடுப்புயரக் கம்பி வேலி, அவளோ பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவள், விளையாட்டு டீச்சர் என்றாலும் அன்றைக்கு ஏதோ விழா என்று பட்டுப்புடவை, சுற்றி வந்தால் வாசல் இருக்கிறது, சுற்றி வரவில்லை. கல்லூரி நாளில் தடை ஓட்டத்தில் ஓடியவள். புடவையை ஒரு கையால் முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்காலை நீட்டி வேலியைத் தாண்டினாள், பின்கால் மடக்கம்கூட அத்தனை சுத்தம், வலியில் புரண்டுகொண்டிருந்தவன் அதைப் பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து விழுந்ததும் அவன் முதலில் சொன்னதே அதுதான். "ஏட்டி, பின்கால் நல்லா வந்துச்சு." அவள் ஓங்கி ஒன்று வைத்தாள், தோளில்தான். அப்புறம்தான் அழுதாள்.

சேலத்துக்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் தன் அடையாளத்தில் போய் நின்று கம்பை உயர்த்தினான். இசக்கி பார்க்கவில்லை, ஓடுகிற காலின் சத்தத்தை மட்டும் கேட்டான், தடதடவென்று நெருங்கி, இப்போது, இப்போது ஊன்றவேண்டும், ஊன்றிவிட்டான், சத்தம் நின்றது, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு மெத்தையில் ஆள் விழுகிற பொத்தென்ற ஓசை, அதோடு குறுக்குக் கம்பி தரையில் துள்ளுகிற கிணுகிணுப்பு. தட்டிவிட்டான் பாவம். அந்த ஒரு மூச்சு நேரம். ஒன்றுமே இல்லாத அந்த இடம். அதுதான். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மழை நின்று கரிசல் காய்வதற்கு முன்னாலேயே பயிற்சியை ஆரம்பித்திருந்தான், கோவில்பட்டியில் அவளுடைய பள்ளிக்கூட மைதானத்தில், விடிகிற நேரத்தில். ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பி ஷூ யானைக்கால் மாதிரி ஆகிவிடும், அவள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு வழித்துவிடுவாள். டிஸ்கஸ் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டால் இரண்டு பேரும் முள்ளுக்குள் குனிந்து தேடுவார்கள், ஒருநாள் வட்டு கிடைக்கவில்லை, ஒரு காடை முட்டையிட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். நீளம் தாண்டுகிற குழியில் நாய் குட்டி போட்டிருந்ததால் அந்த மாதம் முழுக்க நீளம் தாண்டவில்லை. உடம்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரன் மாதிரி, முதலில் வாசல் வரைக்கும், அப்புறம் கூடத்துக்கு, அப்புறம் சாப்பிட உட்கார்ந்தது. குண்டு எறிகிற தோள் வந்தது, ஓடுகிற தொடை வந்தது, நேற்று நானூறு மீட்டரில் கடைசி வளைவில் கண் இருட்டிய பிறகும் ஓடியது. கம்பில் எழும்புகிற இது ஒன்று மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளையங்கோட்டைக்குப் போய் மெத்தை உள்ள இடத்தில் பழகினான், நாலைந்து அடி ஓடித் தாண்டினால் தாண்டிவிடுவான், அழகாகவே தாண்டுவான், ஆனால் முழு ஓட்டம் என்று வந்தால் ஏதாவது ஒன்று இருக்கும், காற்று, தூறல், ஓடுபாதையில் படுத்திருக்கிற நாய், மேகம்கூட ஒருநாள். "மேகம் மூடிட்டு வருது, வெளிச்சம் சரியில்ல." அவள் வானத்தைப் பார்த்தாள், சரி என்றாள், கம்பை உறையில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது பிரியமா, அவளுக்கும் பயமா, பிரியமும் பயமும் ஒரே உறைக்குள் போட்டுக் கட்டின இரண்டு கம்பு மாதிரித்தானோ என்னவோ, எது எது என்று வெளியிலிருந்து தெரியாது.

அப்படியானால் உயரம் கண்டு பயமா என்றால் அதுவும் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் வேலை, மாடி மாடியாக ஏணி ஏறுகிறவன். தைக்கு முந்தின வாரம் இனாம்மணியாச்சிப் பக்கம் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டைக் கயிற்றில் இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான், நனைந்த ஆடு காதுக்குப் பக்கத்திலேயே விடாமல் கத்தியது, மேலே வந்து இறக்கிவிட்டதும் ஒரு தும்மல் போட்டுவிட்டு நன்றியில்லாமல் ஓடிப்போனது, கால் நடுங்கவில்லையே அப்போது. ஆனால் ஏணியில் ஏறுகிறவனுக்கு எப்போதும் ஒரு கை பிடியில் இருக்கும், ஒரு கால் படியில் இருக்கும். கயிறு கட்டினால் கயிற்றின் மறுமுனையில் ஒருவன் இருப்பான். இங்கே யாரும் இல்லை. கால் தரையை விட்டுப் போனபிறகு கம்பு வளைய வேண்டும், வளைந்தது நிமிர வேண்டும், அது வரைக்கும் நீ யாருக்கும் சொந்தமில்லை, மண்ணுக்கும் இல்லை, குறுக்குக் கம்பிக்கும் இல்லை. முன்பெல்லாம் அந்த இடம்தான் பிடிக்கும். பத்தில் எது பிடிக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னால் செண்பகவல்லி கேட்டபோது அவன் யோசிக்காமல் அதைத்தான் சொன்னான், கோவில் பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அவள் அம்மா நாலடி பின்னால். "ஏன் அது?" "வேற எதுலயும் ஒரு நிமிசம் சும்மா இருக்க முடியாது. அதுல மேல போறப்ப கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்." அவள் அதற்குச் சிரித்த சிரிப்பு. சும்மா இருப்பதற்காகவா இத்தனை கஷ்டப்பட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று கேட்டாள். இப்போது கேட்டால் என்ன சொல்வது. சும்மா இருக்கத்தான் பயமாக இருக்கிறது என்றா. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் குதிகாலின் சத்தம் கேட்கிறது என்றா.

நிழலை மறைத்துக்கொண்டு யாரோ வந்து நின்றார்கள். ஷூவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இடது ஷூவில் மஞ்சள் நாடா, வலதில் வெள்ளை. பள்ளி நாளில் விளையாட்டு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த காலத்திலிருந்தே டார்வினுக்கு ஒரே நிறத்தில் இரண்டு நாடா இருந்ததில்லை. மார்த்தாண்டத்துக்காரன், அங்கேயே சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறான். இந்த உயரத்தில் அவன் இன்னும் இறங்கவில்லை, அடுத்த உயரத்திலிருந்துதான் தொடங்குவதாகச் சொல்லியிருந்தான், அதனால் இவ்வளவு நேரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் தோளில் அவனுடைய கம்பு. "எடே, உனக்க கம்பு இப்பம் உனக்குப் பெலமாக்கும்" என்றான் டார்வின். "கால் ஒடியதுக்கு முந்தி உள்ள வேகத்துக்கு எடுத்த கம்பு அது. இப்பம் நீ அந்த வேகத்துல வரல்ல. அது வளையாதுன்னு உனக்க காலுக்குத் தெரியுது, அதாக்கும் நிக்குது. எனக்கதை எடு. இது கொஞ்சம் மெதுவு." இசக்கி ஏறிட்டுப் பார்த்தான். வெயில் டார்வினின் தலைக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. "ஒடிஞ்சா?" "ஒடியாது." "ஒடிஞ்சா நீ எதுல போடுவ?" "ஒடியாதுன்னு சொன்னேம்லா. பிடி கொஞ்சம் கீழ பிடி, அவ்வளவுதான். கண்ண மூடிட்டு சாடு மக்கா." குதிப்பதற்குச் சாடு என்பான், விடுதியில் பையன்கள் எல்லாம் அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே அவனைச் சுவர் ஏறச் சொல்வார்கள். கம்பைப் பந்தலின் காலில் சாய்த்து வைத்துவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டே போய்விட்டான்.

எதற்குக் கொடுத்தான். இப்படி ஒரு கேள்வி தனக்குள் வரும் என்று இசக்கி எதிர்பார்க்கவில்லை, வந்த பிறகு அது போகவும் இல்லை, சாப்பாட்டில் அகப்பட்ட தலைமுடி மாதிரி நாக்கு அங்கேயே போனது. இவன் தாண்டாவிட்டால் டார்வின் இரண்டாவது. எத்தனை வருடமாக மூன்றாவது, எப்போது கேட்டாலும் மூன்றாவது, மாநில அணியின் சட்டையை இதுவரை அவன் போட்டதில்லை. இசக்கிக்குக் கிடைத்த சட்டையை ஒருதடவை விடுதியில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, கக்கம் பிடிக்குது என்று கழற்றிக் கொடுத்தான், கக்கம் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே அளவு. அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். துண்டைத் தலையிலிருந்து எடுக்காமல் இருந்தாலே போதும். பழக்கமில்லாத கம்பு, கையில் பிடித்தால் வேறு யாருடைய கையையோ பிடித்த மாதிரி இருக்கும், அதை வைத்துக்கொண்டு மூன்றாவது வாய்ப்பில், கடைசி வாய்ப்பில், யாராவது, சே, என்ன நினைப்பு இது. ஒன்பதாம் வகுப்பில் இசக்கி அம்மை போட்டுக் கிடந்தபோது விடுதியைக் காலி பண்ணிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள், டார்வின் ஓடவில்லை, எனக்கு முன்னாலேயே வந்துபோச்சு என்று பொய் சொல்லிவிட்டுக் கூடவே இருந்தான், பதினைந்தாம் நாள் அவனுக்கும் போட்டது, அப்போது இசக்கி விசிறினான். போன ஆடியில் ஆஸ்பத்திரிக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்தான், ஆஸ்பத்திரித் தலையணை இவனுக்கு ஆகாது என்று தெரியும், அந்தத் தலையணையை வைத்துக்கொண்டு செண்பகவல்லியிடம் கேட்டான், "இவன் எல்லாப் போட்டிக்கும் கொறட்டை விட்டு என்னை ஒறங்க விடாம ஜெயிச்சவனாக்கும், உங்களுக்கு எப்படி ஒறக்கம் வருது?" அவள் பிளாஸ்டருக்கு மேல் தலை சாய்ந்து சிரித்தாள், ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. இந்த மனிதனைத்தான் இப்போது எதற்குக் கொடுத்தான் என்று கேட்கிறது மனசு. பயம் வந்தால் ஆள் எவ்வளவு சின்னதாகிவிடுகிறான். அவனும் அதே கணக்கை ஒருதடவை போட்டுப் பார்த்திருப்பான், கட்டாயம் போட்டிருப்பான், அவ்வளவு நேரம் துண்டுக்குள் தலையைவிட்டு என்ன செய்துகொண்டிருந்தான் பின்னே; போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறான். கணக்குத் தெரியாதவன் கொடுப்பது ஒன்று. தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு.

தஞ்சாவூர்க்காரன் காலில் நாடா கட்டிக்கொண்டிருந்தான், இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இசக்கி எழுந்து வேலியோரம் போனான். போகவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் போனது. செண்பகவல்லி குடையை மடக்கிக்கொண்டு கேலரியிலிருந்து இறங்கி வந்தாள், நிதானமாக, கடைக்குப் போகிறவள் மாதிரி. கழுத்தில் இரண்டு நாளாக வெயில் குடித்த கறுப்பு, நெற்றியில் ஒட்டின மயிர். நேற்று அதிகாலையில் கடலைமிட்டாய்ப் பெட்டி ஏற்றின குட்டியானை வண்டியில் கம்புகளைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மதுரைக்கு வந்திருந்தார்கள், கம்பு வண்டிக்குப் பின்னால் ரொம்ப நீட்டிக்கொண்டிருந்ததால் அவளுடைய சிவப்புத் துப்பட்டாவை முனையில் கட்டினாள், வழிநெடுகப் பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள், அவள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெல்ல வாசனையில் தூங்கிப்போனாள், விழித்ததும் பல் வலிக்கிற மாதிரி இருக்கிறது, வாசனைக்கே, என்றாள். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பாட்டிலை நீட்டினாள். "மோர் குடிக்கியா?" "வேண்டாம்." "உப்புப் போட்டிருக்கேன்." "வயித்துல குலுங்கும்." "சரி." பாட்டிலை மூடினாள். மூடினதைத் திறந்து அவளே ஒரு மடக்குக் குடித்தாள். "டார்வின் கம்பு தந்திருக்கான்" என்றான். "பாத்தேன்." "எடுக்கவா?" வேலிக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். எடு என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், எடுக்காதே என்று சொல்லி அவன் நின்றுவிட்டால், இரண்டையும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அது அவனுக்குத் தெரிந்தது, கேட்டிருக்கக்கூடாது. "அவன் எடை உன் எடைதான், கம்பு தாங்கும்" என்றாள் கடைசியில், டீச்சர் குரலில். "எடுக்கலாம். ஆனா அங்க போய் நிக்காத இசக்கி. தட்டிவிடு, விழு, என்ன வேணா பண்ணு. நிக்கிறத மட்டும் என்னால பாக்க முடியல." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அத்தனை மாதமாகக் கேட்காததை ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போகிறாள். முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அவளைக் கூப்பிட்டு, உனக்குத் தெரியுமா எல்லாம், அந்த மேகம், அந்த நாய், எல்லாம் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. தெரியும். எப்போதும் தெரிந்திருக்கிறது.

பின்னால் ஒரு கைதட்டல் எழுந்தது, தஞ்சாவூர்க்காரன் தாண்டிவிட்டிருந்தான். அடுத்து இவன் பெயரைக் கூப்பிட்டார்கள், இசக்கிராஜா, கோவில்பட்டி, மூன்றாவது முயற்சி, ஒலிபெருக்கியில் அவன் பெயர் யாரோ பெரிய மனிதருடையது மாதிரிக் கேட்டது. ஒரு நிமிடம் தருவார்கள். டார்வினின் கம்பை எடுத்தான். பிடியில் சுற்றின டேப் வேறு விதமாகச் சுற்றியிருந்தது, விரல் பதிகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டுக்கு நடுவில் டார்வினின் விரல்கள் இத்தனை நாள் இருந்த பள்ளம். கீழே பிடி என்றான், பிடித்தான். இன்னும் கொஞ்சம் கீழே. தன் அடையாளத்தில் வந்து நின்றான், கேலரியைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் இப்போது பார்க்கக்கூடாது. ஓடுபாதைக்கு அந்தக் கோடியில், மெத்தைக்குப் பக்கத்தில், டார்வின் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து இவனுடைய கால் விழுகிற இடத்தைப் பார்க்கத் தயாராக இருந்தான். குறுக்குக் கம்பி ஓட்டு வீட்டு முகடு அளவுக்குத்தான் இருந்தது, பெரிய உயரம் ஒன்றும் இல்லை, முன்னால் இதையெல்லாம் தூக்கக் கலக்கத்தில் தாண்டியிருக்கிறான். முன்னால் என்பதை விடு. சும்மா இருக்க ஓடுகிறவன் யாராவது உண்டா என்று அவள் கேட்டாள். நிக்காத என்றாள். மூச்சு. கம்பின் முனை முன்னால் லேசாக ஆடியது, தலையாட்டுகிற மாதிரி, இவனுடைய கம்பு இப்படி ஆடாது, அது முறைத்துக்கொண்டு நிற்கும். ஓடத் தொடங்கியபோது தான் தொடங்கியது அவனுக்கே தெரியவில்லை. கால் தரையைத் தட்டியது, ரப்பர் சூடு பாதத்துக்குள் வந்தது, கம்பு கையில் இலேசாக, வலது, இடது, பெட்டி தூரத்தில் ஒரு கறுப்பு வாய், இங்கே, இங்கேதான் எப்போதும் அது வரும், நில் என்கிற அது, இதோ வந்துவிட்டது, வயிற்றில் கை போட்டுப் பிடிக்கிறது, குதிகால், காகம், நில், நில், நில் என்று சொன்னால் சொல்லிக்கொண்டே வா, கூடவே ஓடி வா, நான் நிற்கப்போவதில்லை, கைகள் மேலே, முனை பெட்டிக்குள் போய் டக்கென்று உட்கார்ந்தது, இடது கால்.

போய்விட்டது.

கம்பு வளைந்தது. இவ்வளவு வளையுமா என்று நினைக்கிற அளவுக்கு வளைந்து அவனைத் தாங்கியது, ஒடியவில்லை, யோசிக்கவில்லை, பாதம் வானத்துக்குப் போனது, தலை கீழே வந்தது, கேலரியும் பந்தலும் மதுரையும் தலைகீழாகத் தொங்கின, சத்தம் எதுவும் இல்லை, குதிகாலுக்கு ஒன்றும் சொல்ல இல்லை, யாரும் அவனைப் பிடித்திருக்கவில்லை, அது அப்படியே நன்றாக இருந்தது. பிறகு கம்பு நிமிர்ந்தது, அவனை மேலே விட்டது, வயிறு குறுக்குக் கம்பியைத் தடவிக்கொண்டு போனதை உணர்ந்தான், கையை விட்டான். மெத்தை. முதுகு முழுக்க மெத்தை. மேலே குறுக்குக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது, ஆடி, ஆடி, ஒரு முனை தாங்கியிலிருந்து நழுவப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஆடி, நின்றது. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று தெரியவில்லை. டார்வின் வந்து காலைப் பிடித்து இழுத்தான். "எந்திரிடே சவமே, நான் போடண்டாமா? எனக்க கம்பு எங்க?" கம்பு ஓடுபாதையில் முழுசாகக் கிடந்தது. அதை எடுத்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டு டார்வின் சொன்னான், "இனி கடைசி ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்துல பாப்போம், கேட்டியா. அதுல உனக்கு ஒண்ணும் தரமாட்டேன்." சொன்னது விளையாட்டில்லை. அதனால்தான் இசக்கிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டான், இரண்டு பேருடைய வேர்வையும் நாறியது.

வேலியோரம் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். இந்தமுறை வேலியைத் தாண்டவில்லை. முகமெல்லாம் ஈரம். இசக்கி ஓடிப் போனான். "எப்படி இருந்துச்சு? கால் மேல போனது? கடைசியில வயிறு உரசிருச்சு, பாத்தியா?"

"நான் பாக்கல."

"பாக்கலையா?"

"கண்ண மூடிக்கிட்டேன். நீ ஓடத் தொடங்கினதும் மூடிட்டேன்."

"பின்ன தாண்டிட்டேன்னு எப்படித் தெரியும்? வெள்ளைக் கொடி காட்டுறதுக்குள்ள கீழ வந்து நிக்க."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெத்தையில கெடந்து சிரிச்சியே. கேலரி வரைக்கும் கேட்டுச்சு. பக்கத்துல இருந்த பொம்பள பயந்துட்டா, யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு."

சிரித்தது அவனுக்குத் தெரியாது.